அரசனுக்கு எதிராக முதல் வார்த்தை

கொடுங்கோலனுக்கு நம் மேடையில் ஒருநாளும் பஞ்சம் வந்ததில்லை. இரணியன், கம்சன், சூரபத்மன், துரியோதனன் என்று வரிசையாக வருவார்கள். ஆளுக்கொரு மீசை, ஆளுக்கொரு சிரிப்பு. பாடசாலை நாடகப் போட்டி என்றால் அரசன் வேடத்துக்குத்தான் அடிபிடி. குரல் தடித்த பையனாகப் பார்த்து அதைக் கொடுத்துவிட்டு, மிஞ்சியவர்களை மந்திரி, தளபதி, காவலாளி என்று இரண்டு பக்கமும் நிறுத்திவிடுவார்கள். அவர்களுக்கு "அப்படியே ஆகட்டும் மன்னா" என்பதற்கு மேல் வசனம் கிடையாது. கடைசிக் காட்சியில் அதே மந்திரிமார் திடுதிப்பென்று வாளை உருவுவார்கள். ஏன் உருவினார்கள், முந்திய காட்சிவரை எங்கே இருந்தார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. மேடைக்குப் பின்னால் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் உண்மையான பதில்.

பெல்மதுளைப் பக்கத்துத் தோட்டங்களில் ஆடப்படும் கூத்து முதல் பல்கலைக்கழக மேடை வரைக்கும், கொடுங்கோலன் கதையை நடத்தும் மரபுகளைப் பற்றி இந்த மலருக்கு எழுதக் கேட்டார்கள். அரசன் எப்படிக் கர்ஜிக்கிறான் என்று பார்த்து மதிப்புப் போடுவது பழைய வழக்கம். நான் அவனுக்கு எதிரே நிற்பவர்களைப் பார்த்துத்தான் மதிப்புப் போடுவேன். எதிர்ப்பு யார் வாயில் முதலில் வருகிறது? அந்த வார்த்தை எத்தனை பேர் கைமாறிப் படையாகிறது? எந்த இடத்தில் அதற்கு விலை கொடுக்க நேர்கிறது? இந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லாத நாடகம் என்னதான் ஜிகினா உடுத்தாலும் பாதி நாடகம்தான்.

இந்தக் கணக்கை ஷேக்ஸ்பியரின் 'மக்பெத்' போலச் சுத்தமாகப் போட்ட நாடகம் வேறு இல்லை. 1606ஆம் ஆண்டளவில் எழுதப்பட்டது. ஸ்கொட்லாந்து மன்னன் டன்கனைத் தன் வீட்டு விருந்தாளியாக இருக்கும்போதே கொன்று முடிசூடுகிறான் மக்பெத். எல்லோருக்கும் சந்தேகம்; ஒருவரும் வாய் திறப்பதில்லை. பேங்கோ மனசுக்குள் கேட்டுக்கொள்கிறான், சும்மா இருக்கிறான், செத்துப்போகிறான். மக்டஃப் செய்தது ஒன்றே ஒன்று. முடிசூட்டு விழாவுக்குப் போகாமல் ஊருக்குப் போய்விட்டான். பிறகு அரச விருந்துக்கும் வரவில்லை. எதிர்ப்பின் முதல் வடிவம் வெறும் வராமைதான். கொடுங்கோலன் அதைத்தான் முதலில் கணக்கெடுக்கிறான்.

அடுத்து மூன்றாம் அங்கத்தின் கடைசியில் ஒரு சின்னக் காட்சி. லெனக்ஸ் என்ற பிரபு, பெயரே கொடுக்கப்படாத இன்னொரு பிரபுவோடு பேசுகிறான். பல இயக்குநர்கள் நேரம் போதாது என்று வெட்டி எறியும் காட்சி இது. என் கணக்கில் நாடகத்தின் அச்சாணி. லெனக்ஸ் மக்பெத்தைத் திட்டவே மாட்டான். புகழ்கிறான். ஐயோ, மன்னர் எவ்வளவு துக்கப்பட்டார், காவலாளிகளை எவ்வளவு புத்தியாகக் கொன்றுபோட்டார் என்று ஒவ்வொன்றாக மெச்சிக்கொண்டே போகிறான். கேட்பவனுக்கு எல்லாம் விளங்கிவிடுகிறது. பெரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை காதில் விழும்படி துரையின் நல்ல குணத்தைப் பாராட்டும் கிழவிகளின் பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தக் காட்சிக்கு உரை எழுதத் தேவையில்லை. சாடைப் பேச்சுக்கு ஆபத்து குறைவு; ஆனால் எதிரே இருப்பவன் தன் ஆளா என்று பார்க்க அதைவிட நல்ல உரைகல் கிடையாது.

அதன் பிறகு படிகள் செங்குத்தாகின்றன. மக்டஃப் இங்கிலாந்துக்குத் தப்பியோடுகிறான். அவன் மனைவியையும் பிள்ளைகளையும் மக்பெத்தின் ஆட்கள் வீட்டுக்குள் புகுந்து கொல்கிறார்கள். இங்கிலாந்தில் இளவரசன் மல்கம் அவனை நம்பாமல், தானும் பெரிய கெட்டவன் என்று பொய் சொல்லிச் சோதிக்கிறான். கொடுங்கோலாட்சியில் எதிர்ப்பாளர்கள் ஒருவரையொருவர் நம்புவதே பெரிய பாடு என்பதை இத்தனை நேரம் எடுத்துச் சொன்ன நாடகாசிரியன் குறைவு. ஐந்தாம் அங்கத்தில் பிரபுக்கள் ஒவ்வொருவராகக் கழன்று பர்னம் காட்டுப் பக்கம் சேர்கிறார்கள். அரண்மனைக்குள்ளேயே வைத்தியனும் தாதியும் அரசியைப் பற்றி இரவில் கிசுகிசுக்கிறார்கள். மக்பெத்திடம் கடைசியில் மிஞ்சியிருப்பது சம்பளத்துக்கு நிற்பவர்கள் மட்டும்.

நம் கூத்து மரபு இந்தக் கணக்கில் எங்கே நிற்கிறது?

மட்டக்களப்பின் வடமோடியையும் தென்மோடியையும் ஒரு சாக்கில் கட்டக்கூடாது. வடமோடிக்குப் பாரதம், இராமாயணம், போர். கனத்த கிரீடமும் கரப்புடுப்பும். தென்மோடிக்குக் காதலும் கற்பனைக் கதையும். உடுப்பும் இலேசு, பாட்டில் இழுப்பு அதிகம். அரசனைக் கொண்டுவருவதில் வடமோடியை மிஞ்ச ஆள் இல்லை. இரண்டு பேர் திரை பிடிக்க, மத்தளம் எழும்ப, வரவு ஆடி முடிப்பதற்குள் கொடுங்கோலன் யாரென்று கடைசி வரிசைக் குழந்தைக்கும் தெரிந்துவிடும். ஆனால் வட்டக்களரியில், நள்ளிரவில், மத்தளச் சத்தத்துக்கு நடுவே கிசுகிசுக்க முடியாது. லெனக்ஸ் அங்கே வாழ முடியாது. எதிர்ப்பைப் பாட்டாகத்தான் வைக்க வேண்டும், அதுவும் அரசனுக்கு நேரே நின்று. அதனால் கூத்தின் எதிர்ப்பு தர்க்கமாக வருகிறது. நெஞ்சை நிமிர்த்திக் கேட்கும் கேள்வியாக வருகிறது. துகிலுரியும் சபையில் துரியோதனனின் சொந்தத் தம்பி விகர்ணன் எழுந்து இது நியாயமில்லை என்கிறானே, அந்த இடத்தை நல்ல அண்ணாவியார் கையில் பார்க்க வேண்டும். சின்ன வேடம், ஆனால் சபையே குனிந்திருக்கும்போது ஒருத்தன் மட்டும் நிமிர்ந்து நிற்பான். குறை என்னவென்றால் அந்த வார்த்தை அங்கேயே நின்றுவிடுகிறது. அடுத்தவன் எழும்பவில்லை. இரணியன் கதையிலும் அப்படித்தான். பிரகலாதன் ஒற்றைப் பிள்ளை; அவனுக்குப் பின்னால் ஒரு ஊர் சேருவதில்லை. தூணைப் பிளந்துகொண்டு நரசிங்கம் வந்துவிடும் என்று தெரிந்தபின் ஊர் எதற்குச் சேர வேண்டும்?

கட்டியகாரனை மறந்தால் பாவம். அரசனின் புகழைச் சொல்வதற்கென்று வைத்த ஆளே அவன் முகத்துக்கு நேரே கேலி செய்யலாம், தண்டனை கிடையாது. மக்பெத்தில் வரும் குடிகார வாயில்காப்போனுக்கு நம் கட்டியகாரன் ஒன்றுவிட்ட தம்பிதான். ஆனால் சிரிப்புக்கு மேல் அவனை வளரவிட்ட அண்ணாவியார்கள் கொஞ்சம் பேர்தான்.

மலையகத்துக்கு வருவோம். அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் நம் தோட்டங்களின் சொத்துத்தான். இந்தக் கட்டுரைக்கு அவற்றில் அதிகம் கிடைக்காது. காமன் கூத்து வேறு சங்கதி. சப்ரகமுவையின் கீழ்ப்பகுதித் தோட்டங்களில் மாசி என்றால் ரப்பர் மரம் இலை கொட்டித் தளிர்க்கும் காலம். பால் வெட்டும் மந்தம். அப்போதுதான் கம்பம் நட்டுக் காமன் ஊன்றுவார்கள், தப்பு முழங்கும். வெளியூர் ஆய்வாளர்கள் இதை இரதி மன்மதன் காதல் கதை என்று எழுதிவிட்டுப் போவார்கள். கதையின் அடியைத் தோண்டினால் அங்கேயும் ஒரு கொடுங்கோலன் இருக்கிறான். கந்தபுராணப்படி, சூரபத்மனின் கொடுமை தாங்காத தேவர்கள், அவனை அழிக்க ஒரு பிள்ளை வேண்டுமென்று சிவனின் தவத்தைக் கலைக்க மன்மதனை அனுப்புகிறார்கள். அனுப்பியவர்கள் தேவர்கள். எரிந்தவன் மன்மதன்.

இரதி வேடம் போடும் ஆண், தூதன் வந்து ஓலையை நீட்டியதும் உடனே அழத் தொடங்கினால் அந்தக் கூத்துக்கு நான் பாதி மதிப்புத்தான் கொடுப்பேன். தேர்ந்த ஆட்டக்காரன் அழமாட்டான். தூதனின் குதிப்பு அடங்கும்வரை இடுப்பில் கை வைத்து நிற்பான். காகிதப் பூ குத்திய கொண்டையை ஒரு தரம் சரிசெய்வான். பிறகு கணவனைப் பார்க்காமல் தூதனைப் பார்த்துப் பாட்டை எடுப்பான். போகவேண்டாம் என்று புருஷனிடம் கெஞ்சுவதற்கு முன்னால், அனுப்பியது யார், அவனே போனால் என்ன என்று கேட்கும் தொனி அந்தப் பார்வையில் இருக்கும். மேலிடத்து உத்தரவு, கீழே இருப்பவனின் உடம்பு. இந்த வித்தியாசத்தை லயத்து வாசலில் உட்கார்ந்திருக்கும் கூட்டம் தன் சங்கதியாகவே கேட்கும். நம் தோட்டத்துக் கூத்தில் அதிகாரத்துக்கு எதிரான முதல் வார்த்தை ஒரு பெண்பாத்திரத்துடையது என்பதை நான் பெருமையாகச் சொல்வேன்.

இந்த மரபு இன்று மெலிந்திருப்பதற்குச் சினிமாவையும் தொலைக்காட்சியையும் மட்டும் குற்றம் சொல்லி முடித்துவிடுகிறோம். 1977, 1981, 1983 வன்செயல்களில் சப்ரகமுவைத் தோட்டங்களிலிருந்து பிள்ளைகுட்டிகளோடு வன்னிக்குப் போன குடும்பங்களுடன் பாட்டும் போனது. வாத்தியார் ஒருவர் போனால் ஒரு தோட்டத்துக் கூத்தே போய்விடும். எழுதி வைத்த ஏடு இல்லை. எல்லாம் அவர் தொண்டையில் இருந்தது.

சபா நாடகங்களை விரைவாகச் சொல்லிவிடலாம். 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார் 'ஹேம்லெட்'டை 'அமலாதித்யன்' ஆக்கினார், 'மக்பெத்'தை 'மகபதி' ஆக்கினார். அவருடைய வழியில் இங்கே கலையரசு சொர்ணலிங்கம் இலங்கை சுபோத விலாச சபையை வளர்த்தார். 'வாணிபுர வணிகன்' அங்கே பேர்போன நாடகம். உரைநடை வசனமும் முகம் தெரியும் வெளிச்சமும் வந்ததால் மேடையில் முதன்முறையாக இரண்டு பேர் தாழ்ந்த குரலில் பேச முடிந்தது. லெனக்ஸுக்கு ஒரு நாற்காலி கிடைத்தது என்று சொல்லலாம். ஆனால் அந்தச் சபைகளில் வக்கீல்மாரும் உத்தியோகத்தர்களும் நடித்தார்கள்; தோட்டத்துக்காரனுக்கு டிக்கெட் வாங்கும் பக்கத்தில்கூட இடம் இல்லை. தோட்டத்துக் கொடுங்கோலை வேறொருவர் எழுதினார். கோ. நடேசய்யர் 1930களில் எழுதிய 'அந்தரப் பிழைப்பு நாடகம்' கிரீடம் இல்லாத அதிகாரத்தைப் பிடித்துக் காட்டியது. அது மேடைக் கலையா பிரசாரமா என்று இன்னும் வாதாடுகிறவர்கள் உண்டு. வாதாடட்டும்.

பல்கலைக்கழக மரபு பேராசிரியர் சு. வித்தியானந்தனோடு வருகிறது. விடிய விடிய ஆடிய வடமோடியை இரண்டு மணி நேரத்துக்குள் அடக்கி அவர் 1960களில் தயாரித்த 'கர்ணன் போர்', 'இராவணேசன்', 'வாலி வதை' மூன்றில் 'இராவணேசன்' என் கணக்குக்கு மிக நெருங்கியது. சி. மௌனகுரு இராவணனாக ஆடினார். இங்கே எதிர்ப்பு வீட்டுக்குள்ளிருந்து வருகிறது. இராமாயணத்திலேயே அதற்கு இரண்டு பாதை உண்டு. வீடணன் அண்ணனை விட்டு எதிரி முகாமுக்குப் போனான். கும்பகருணன், அண்ணன் செய்தது தப்பு என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு அவனுக்காகவே போய்ச் செத்தான். நம் மேடைப் பேச்சாளர்களுக்கு வீடணன் என்றால் காட்டிக்கொடுத்தவன். களனியில் அதே வீடணனுக்குத் தேவாலயம் கட்டிச் சிங்கள மக்கள் கும்பிடுகிறார்கள். ஒரே ஆளைப் பற்றி ஒரே தீவில் இப்படி இரண்டு தீர்ப்பு இருப்பது நாடகக்காரனுக்குப் பெரிய வரம். அதை இதுவரை யாரும் சரியாகப் பயன்படுத்தவில்லை.

பயன்படுத்த நமக்கு வெகுதூரம் போகவேண்டியதில்லை. இலங்கையின் மக்பெத் கதையில் மக்டஃபின் பாத்திரத்துக்குரியவர் சப்ரகமுவையின் திசாவையாக இருந்தவர்தான்.

1798இல் கண்ணுசாமி என்ற பதினெட்டு வயது நாயக்கர் இளைஞனை, தன் சொற்படி ஆடுவான் என்று நம்பி, மகா அதிகாரம் பிலிமத்தலாவை கண்டிச் சிம்மாசனத்தில் ஏற்றினார். ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் என்று பட்டப்பெயர். ஆட்டிவைக்க நினைத்தவருக்கே கடைசியில் தலை போனது. அவர் இடத்துக்கு வந்தவர் எஹெலபொல. சப்ரகமுவை அவர் கையில். 1814இல் மன்னன் அவரைக் கண்டிக்கு வரச்சொல்லி ஆளனுப்பினான். அவர் போகவில்லை. மக்டஃபும் அப்படித்தானே போகாமல் இருந்தான்! மாகாணத்துக்குப் போகும் பிரதானிகளின் குடும்பம் தலைநகரில் அரசன் கண்பார்வையில் இருக்கவேண்டும் என்பது வழக்கம். மன்னன் அனுப்பிய மொல்லிகொட என்ற பிரதானி படையோடு சப்ரகமுவைக்குள் நுழைந்ததும் எஹெலபொல ஆங்கிலேயர் எல்லைக்குள் தப்பிப் போனார். அவருடைய மனைவி எஹெலபொல குமாரிஹாமியும் பிள்ளைகளும் கண்டியில் கொல்லப்பட்டார்கள். மூத்தவன் பயந்து ஒதுங்க, இளையவன் மத்தும பண்டார முன்னால் வந்து கழுத்தைக் கொடுத்தான் என்ற கதை சிங்களப் பிள்ளைகளுக்கு மனப்பாடம். பிள்ளைகளின் தலையைத் தாயையே உரலில் இடிக்க வைத்தான் என்பதும் அந்தக் கதையோடு வருகிறது. கொலை நடந்தது உண்மை. உரல் எவ்வளவு உண்மை என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. மன்னனைக் கவிழ்க்க வேண்டிய எல்லோருக்கும் அந்த உரல் தேவைப்பட்டது.

மக்பெத்தின் கதையும் அப்படி வென்றவர் பக்கத்திலிருந்து வந்ததுதான். உண்மையான மக்பெத் 1040 முதல் 1057 வரை பதினேழு ஆண்டு ஆண்டான். ஷேக்ஸ்பியர் படித்த ஹோலின்ஷெட் வரலாற்று நூலிலேயே அவனுக்குப் பல வருஷ நல்லாட்சி உண்டு. நாடகம் அதை விழுங்கிவிட்டது. விக்கிரம ராஜசிங்கனுக்கும் அதே பதினேழு ஆண்டுதான். கண்டி வாவியும் தலதா மாளிகையின் எண்கோண மண்டபமும் அவன் காலத்து வேலை. அந்த வாவியை வெட்ட இராஜகாரியத்தில் இழுக்கப்பட்டவர்களின் முணுமுணுப்பையும் எதிர்ப்பின் கணக்கில் சேர்க்க வேண்டும். பிரதானிகளின் கோபம் ஏட்டில் இருக்கிறது. மண் சுமந்தவனின் கோபத்தை நாடகக்காரன்தான் எழுதியாக வேண்டும்.

அடுத்து நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. எஹெலபொலவை விரட்டிய அதே மொல்லிகொட, 1815இல் ஆளுநர் பிரவுன்ரிக்கின் படை ஏறிவரும்போது மன்னனின் முன்னணியில் நின்றார். உள்ளுக்குள் எப்போதோ மாறிவிட்டார். ஆனாலும் கண்டியிலிருந்த குடும்பத்தை மன்னன் கையிலிருந்து வெளியே எடுக்கும்வரை அசையவில்லை. எடுத்த பிறகுதான் ஆங்கிலேயர் பக்கம் போனார். எஹெலபொலவின் வீட்டில் நடந்ததைப் பார்த்துப் படித்த பாடம். லெனக்ஸை எழுதிய ஷேக்ஸ்பியருக்குக்கூட இவ்வளவு நுணுக்கமான ஆள் கிடைக்கவில்லை. பெப்ரவரி 18ஆம் திகதி மெதமஹநுவரப் பக்கம் ஒளிந்திருந்த மன்னனைப் பிடித்துக் கட்டியதும் எக்னெலிகொட என்ற சப்ரகமுவைத் தலைவனின் ஆட்கள்தான். மார்ச் 2ஆம் திகதி கண்டி உடன்படிக்கை. மன்னன் வேலூர்க் கோட்டைக்குப் போய் 1832இல் அங்கேயே இறந்தான்.

மக்பெத்தில் ஆங்கிலப் படை வேலை முடிந்ததும் ஒதுங்கிக்கொள்ள, மல்கம் எல்லோரையும் முடிசூட்டுக்கு அழைக்கிறான். கண்டியில் படை போகவில்லை. முடிக்கு ஆசைப்பட்ட எஹெலபொலவுக்கு நண்பன் என்ற பட்டம் கிடைத்தது. 1818 கிளர்ச்சியில் சந்தேகப்பட்டுப் பிடித்து, 1825இல் மொரிசியசுக்கு அனுப்பினார்கள். 1829இல் அங்கே முடிந்துபோனார். கண்டி உடன்படிக்கையின் ஒரு வாசகம் நம்மவர்களுக்கு முக்கியம். மன்னனின் உறவினரும், வெளியேற்றப்பட்ட மலபார் ஆண்களும் அனுமதியில்லாமல் கண்டி மாகாணங்களுக்குள் திரும்ப வரக்கூடாது. கொஞ்ச வருஷத்திலேயே அதே அரசாங்கம் அதே தென்னிந்தியச் சீமையிலிருந்து கோப்பிக்காட்டுக்கு ஆள் பிடித்தது. நாடகத்தின் ஆறாம் அங்கம் என்று அதை எழுதலாம். நடிகர் தட்டுப்பாடு வராது.

இந்தக் கதைக்கும் மோடிகள் உண்டு. பிலிப்பு சிஞ்ஞோவின் பெயரோடு சொல்லப்படும் 'எஹெலபொல நாடகம', சிங்கள 'நாடகம்' மரபின் பழைய படைப்புகளில் ஒன்று. அந்த மரபே நம் கத்தோலிக்கக் கூத்திலிருந்து போனது. அதில் நாயகன் எஹெலபொல. யாழ்ப்பாணக் கரையோரத் தென்மோடியில் 'கண்டி அரசன்' ஆடினார்கள். அங்கே பார்வை மன்னன் பக்கம் சாய்கிறது. பாட்டு உறவு இருந்தும் கதை இரண்டு திசைக்குப் போயிருக்கிறது. அகிரா குரோசவா 1957இல் 'மக்பெத்'தை ஜப்பானியப் படமாக்கியபோது கொடுங்கோலனை எதிரி கையால் கொல்லவில்லை. அவனுடைய சொந்த வில்லாளிகளே அம்பு மழை பொழிந்து முடித்தார்கள். அந்த மாதிரித் துணிச்சல் நம் 'கண்டி அரசன்'களில் வரவில்லை.

சிங்களம், தமிழ் இரண்டையும் வாயில் வைத்திருக்கும் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் இந்த இரண்டு பாட்டையும் ஒரே களரியில் மோதவிடலாம். பிரபுக்கள் சிங்களத்தில் பேசட்டும், நாயக்கர் அரண்மனை தமிழில் பேசட்டும், கட்டியகாரன் இரண்டிலும் கேலி செய்யட்டும். குமாரிஹாமிக்கு நம் காமன் கூத்து இரதியின் நிற்பைக் கொடுக்கலாம், ஒப்பாரி வேண்டாம். எஹெலபொலவுக்கு ஆள் நிறையக் கிடைக்கும், மன்னனுக்கு வழக்கம்போல அடிபிடி. மொல்லிகொடவுக்கு மட்டும் வகுப்பிலேயே கெட்டிக்காரப் பிள்ளையைப் பிடித்து வையுங்கள். முக்கால் நாடகம் மன்னனுக்குப் பின்னால் வாய்திறக்காமல் நின்று, எந்தக் காட்சியில் மனம் மாறியது என்று பார்ப்பவர்களை வீட்டுக்குப் போகும் வழியில் சண்டைபோட வைக்கவேண்டிய வேடம் அது. ஒத்திகையும் அவனிடமிருந்தே தொடங்கட்டும்.